பேய்க்கணவாய், ஓட்டுக்கணவாய்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அக்கா, ஆக்டோபஸும் கணவாயும் ஒன்றா?

இரண்டும் தலைக்காலிகள், நத்தைக்கும் சிப்பிக்கும் தூரத்துச் சொந்தம். ஆக்டோபஸை நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். அதற்கு எட்டுக் கை. ஓட்டுக்கணவாய்க்கு எட்டுக் கையோடு இரை பிடிக்க நீளமாக இன்னும் இரண்டு உண்டு. உடம்புக்குள் ஒரு ஓடும் இருக்கும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அந்த ஓடு. நுரையே கிடையாது. உடைத்து விளிம்பைப் பாருங்கள், காகிதம் அடுக்கியதுபோல் மெல்லிய அறைகள் தெரியும். அந்த அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலே எழும்புகிறது, கீழே இறங்குகிறது.

பேய்க்கணவாய்க்கு ஓடும் இல்லை, எலும்பும் இல்லை. கிளி மூக்குபோல ஒரு அலகு மட்டும் கெட்டி. அது நுழையும் ஓட்டை கிடைத்தால் முழு உடம்பும் நுழைந்துவிடும்.

மூன்று இதயம் எதற்கு?

இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று உடம்புக்கு. ஆக்டோபஸ் நீந்தும்போது உடம்புக்கான இதயம் நின்றுவிடும். அதனால்தான் நீந்துவதைவிட ஊர்ந்து போவது அதற்குச் சௌகரியம். ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீல நிறம்.

கணவாய்க்கு நிறமே தெரியாதாமே, பிறகு எப்படி நிறம் மாறுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தோலில் லட்சக்கணக்கான சிறு நிறப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிலும் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் புள்ளியாகச் சுருங்கும். பச்சோந்தி நிறம் மாற நேரம் எடுக்கும். இங்கே மூளையிலிருந்து நரம்பு நேராகத் தசைக்கு வருவதால் கண் இமைப்பதற்குள் மாறிவிடும்.

ஆனால் கணவாயின் கண்ணில் ஒளி உணரும் செல் ஒரே வகைதான். 2006இல் வந்த ஒரு ஆய்வில், ஒரே அளவு வெளிச்சம் தெரிகிற நீலக் கட்டமும் மஞ்சள் கட்டமும் மாறி மாறி வரும் பலகைமேல் கணவாயை விட்டார்கள். நமக்குப் பளிச்சென்று தெரிகிற அந்தக் கட்டங்கள் அதற்குத் தெரியவே இல்லை. வெறும் தரையில் கிடப்பதுபோல் ஒரே சாயலில் கிடந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் கதையே வேறு, முதுகில் வெள்ளைச் சதுரம் வந்துவிடும். அது பார்ப்பது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை.

கைகளில் மூளை இருக்கிறது என்கிறார்களே?

ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்பு செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான். மண்டபம் பக்கம் முட்டளவுத் தண்ணீரில் ஒரு பாறை இடுக்கில் விரலை நீட்டியிருக்கிறேன். முதலில் ஒரே ஒரு உறிஞ்சி ஒட்டியது, அப்புறம் அடுத்தது, அடுத்தது. குளிர்ச்சியாக, மெதுவாக என் விரலைப் படித்துக்கொண்டே வந்தது. உறிஞ்சிகளுக்குச் சுவையும் தெரியும், அதாவது அது என்னை ருசி பார்த்தது! பிறகு விட்டுவிட்டது.

பெர்த்தில் இருக்கிறோம். கடற்கரைக் குட்டைகளில் குட்டி ஆக்டோபஸ் கிடந்தால் பையன் எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கும். அதன் கடி பெரிதாக வலிக்காது, ஆனால் விஷம் மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும். மாற்று மருந்தும் இல்லை. கடித்துவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு நின்றால், உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முட்டை பொரிந்ததும் தாய் ஆக்டோபஸ் செத்துவிடும் என்பது உண்மையா மேடம்?

பெரும்பாலான இனங்களில் உண்மை. முட்டையிட்டதும் இரையை விட்டுவிடும். கண்ணருகே உள்ள ஒரு சுரப்பிதான் காரணம். 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். தாய் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தது, கூடுதல் நாள் வாழ்ந்தது.

கலிபோர்னியாவின் மான்டெரே கடலில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், 2007இல் பாறையில் முட்டைகளை அணைத்தபடி ஒரு தாயைக் கண்டார்கள். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பாறை, அதே தாய், உடம்பு மட்டும் வெளிறி இளைத்துக்கொண்டே போனது. ரோபோக் கையால் நண்டுத் துண்டு நீட்டியும் வாங்கவில்லை. இப்படி 53 மாதங்கள். 2011 அக்டோபரில் போனபோது தாயைக் காணோம். பாறையில் பொரிந்த முட்டைகளின் கூடுகள் ஒட்டியிருந்தன.