புதுத் தொட்டியில் மீன் திணறுகிறதா? தொட்டியைக் கழுவாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். பத்து நாளுக்கு முன்னால் கொளத்தூரில் இரண்டடித் தொட்டியும் நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கினோம். ஊற்றியது போர் தண்ணீர். நான்காம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியதால் கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் கழுவி மறுபடி நிரப்பினோம். திரும்பவும் கலங்கி, ஒரு மீன் செத்துவிட்டது. மீதி மூன்றும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 1 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) காட்டுகிறது. இன்னொரு முறை கழுவலாமா? பையன் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.

பதில்: கழுவ வேண்டாம். இன்றைக்கே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கும் புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். 1 பி.பி.எம். என்பது 0.5 ஆகிவிடும். நாளைக் காலையில் சோதித்துப் பார்த்து இன்னொரு முறை பாதி மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள். மீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. ஏர் பம்ப் ராத்திரி பகலாக ஓடட்டும்.

ஏன் கழுவக் கூடாது என்று சொல்கிறேன். மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதோடு சேரும். குளத்தில் இதைத் தின்னவே பாக்டீரியா இருக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். இவை தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். வளர்வதோ மெதுவாக. எண்ணிக்கை இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். நன்றாக ஓடும் ஒரு பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து பாருங்கள், டிகாக்‌ஷன் நிறத்தில் வழியும். அழுக்கு என்று தோன்றும் அதுதான் மீனின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் குழாயடியில் கழுவியபோது, அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்ததும் போய்விட்டது.

பால் மாதிரி கலங்கியதற்குக் காரணம் வேறு வகைப் பாக்டீரியா. புதுத் தொட்டியில் மிச்சத் தீனியைத் தின்று திடீரென்று பெருகும், தீனியைக் குறைத்தால் தானே தெளியும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இனி நம் ஊர்த் தண்ணீர் விஷயம். கிட் காட்டும் 1 பி.பி.எம். முழுவதும் விஷம் இல்லை. அதில் எவ்வளவு விஷ வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பி.எச்.சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) சூடும்தான் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, சூடு 25 டிகிரி என்றால் நூறில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. பி.எச். 8, சூடு 30 டிகிரி என்றால் நூறில் ஏழு பங்குக்கு மேல். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தட்டும் கடினத் தண்ணீர். உங்களுடையது 8-ஐ ஒட்டி இருந்தால், வேறு ஊர்க்காரர் சமாளிக்கிற அதே 1 பி.பி.எம். உங்கள் மீனின் செவுளைப் பொசுக்கும். பி.எச். பார்க்கும்போது அப்போதே பிடித்த தண்ணீரில் பார்க்காதீர்கள். ஒரு பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் பாருங்கள். அந்தத் தண்ணீரில் அம்மோனியாவும் ஒரு தடவை சோதியுங்கள், குழாயிலேயே இருந்தால் மாற்றி மாற்றிப் பயனில்லை.

இதற்குப் பயந்து முழுவதும் கேன் தண்ணீருக்கு மாறிவிடாதீர்கள். தாது இல்லாத தண்ணீரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் தேறாது. மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது, ஆனால் ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் மத்தியானம் மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், காலையிலேயே பிடித்து வையுங்கள்.

அப்புறம், கலங்கியதும் கடைகளில் கொடுக்கும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மெத்திலீன் புளூ நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். பாட்டில் பாக்டீரியாவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் மாதக்கணக்கில் ஓடும் தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் பாதியை அந்தத் தண்ணீரிலேயே நனைத்து, ஈரம் காயாமல் எடுத்து வந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். இதற்கு ஈடான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். டெஸ்ட் டியூபை வெள்ளைத் தாளின் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டியூப்லைட்டில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். 0.25-ஐத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு, 0.5-ஐத் தொட்டால் பாதி மாற்றுங்கள். தீனி திரும்ப ஆரம்பிக்கும்போது ஒரு வேளை மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பையனுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். தீனி டப்பாவுக்குப் பதிலாக டெஸ்ட் டியூபை அவன் கையில் கொடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அப்போதும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். தண்ணீர் மாற்றுவதோடு, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்து விட்டால் நைட்ரைட் செவுளுக்குள் புகுவது குறையும். எல்லாம் அடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் முன்னாலேயே முடியலாம். கரண்ட் போனால் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று நின்றுவிடும், பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று வாங்காதீர்கள். இரண்டடித் தொட்டியில் பிடிப்பது ஐம்பது லிட்டர் சொச்சம். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், கையகலம் வளரும். இருக்கிற மூன்றுக்கே அந்த இடம் போதாது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் இரண்டையாவது கொடுத்துவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று பையன் சொல்லட்டும்.