ஸ்கேலில் 550, ஆகாயத்தில் 110

கேள்வி: ஆராய்ச்சி மாணவியான என் மகள் அடுத்த மாதம் ஆர்க்டிக்கில் இருக்கும் நம் நாட்டு ஹிமாத்ரி நிலையத்துக்குப் போகிறாள். லாங்யர்பியனிலிருந்து, நிலையம் இருக்கும் நி-ஆலசுண்டுக்குக் குட்டி விமானம், அரை மணிகூட ஆகாது என்கிறாள். வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் இரண்டு ஊருக்கும் அவளே பேனாவால் புள்ளி வைத்தாள். ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டால் 550 கிலோமீட்டர் வருகிறது. நான் பயப்படக் கூடாதென்று குறைத்துச் சொல்கிறாளோ?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மகள் சொல்வது நிஜம்தான் அம்மா. அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இருக்கிற தூரம்! காரைக்காலுக்கு மாற்றல் வாங்கி ஆறு வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். சனிக்கிழமைதோறும் உங்கள் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று பஸ்ஸில் நாலு மணி நேரம் குலுங்கி வந்த தூரத்தை, உங்கள் மகள் ஒரு காபி ஆறுவதற்குள் தாண்டிவிடுவாள்.

நீங்கள் ஸ்கேல் பிடித்ததிலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் இருப்பது மெர்கேட்டர் படமாக இருக்க வேண்டும். 1569-ல் கப்பலோட்டிகளுக்காகப் போட்டது. தீர்க்க ரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வரும். ஆரஞ்சுச் சுளைகளைப் பாருங்கள், காம்புப் பக்கம் ஒடுங்குமே, அப்படி. நம் ஊரில் ஒரு டிகிரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 109 கிலோமீட்டர். உங்கள் மகள் போகும் 78-79 டிகிரி வடக்கில் சுமார் 22 கிலோமீட்டர்தான் தேறும். ஆனால் படத்தில் எல்லா ரேகைகளும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. அதாவது அகலத்தை ஐந்து மடங்கு இழுத்துவிட்டார்கள். உருவம் கோணாமல் இருக்க உயரத்தையும் அதே அளவு இழுத்தார்கள். படத்தின் மூலையில் போட்டிருக்கும் அளவுகோல் பூமத்திய ரேகைக்கு மட்டும் பொருந்தும். 550-ஐ ஐந்தால் வகுங்கள், சரியாக வந்துவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதும் இதனால்தான். வருஷத்துக்கு நாலு பிள்ளைகளாவது அதைக் கேட்டு என்னை மடக்குவார்கள்.

குட்டி விமானம் என்றதும் கலங்க வேண்டாம். அங்கே ஓடுவது டோர்னியர் 228. நம் கடலோரக் காவல் படையும் இதே ரகத்தைத்தான் வைத்திருக்கிறது, கான்பூரில் தயாராகிறது. இந்த இரண்டு ஊரும் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. விமானம் இல்லையென்றால் கப்பல், பனிக்காலத்தில் பனி ஸ்கூட்டர். மூடுபனி இறங்கினால் விமானம் கிளம்பாது. இருபத்தைந்து நிமிஷப் பயணத்துக்கு ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நி-ஆலசுண்டில் செல்போன் சிக்னல், வைஃபை, புளூடூத் எதற்கும் இடமில்லை. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டுப் பூமியின் அசைவை அளக்கும் ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. நம் வாட்ஸ்அப் அதற்கு இரைச்சல். லாங்யர்பியனில் விமானம் ஏறுமுன் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அப்புறம் அவள் நிலையத்துக்குப் போய், கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகிய பிறகுதான் அடுத்த செய்தி வரும்.