அரபி படிக்கட்டும், தமிழையும் விடவேண்டாம்

அம்மா, வணக்கம். ப்ளஸ் டூ முடித்ததும் அரபி இலக்கியம்தான் படிப்பேன், மொழிபெயர்ப்பாளர் ஆவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், அரபி எழுத்தே தெரியாதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது தடையே இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) பி.ஏ. அரபியை அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சேர்க்கை சியூஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாக. ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அரபித் துறை இருக்கிறது.

பி.ஏ. 3 ஆண்டு, எம்.ஏ. 2, அதன்பின் பிஎச்.டி.க்கு நான்கைந்து ஆண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வுக் காலத்தில் முதலில் மாதம் 37,000 ரூபாய் வரும். உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700. ஆனால் நிரந்தரப் பணியிடத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். அந்த இடைவெளிக்கு டெல்லி நல்ல ஊர். இராக், ஏமனிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக இங்குள்ள பெரிய மருத்துவமனைகள் அரபி மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொள்கின்றன. நாவல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, இதை அவளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. ஓமன் எழுத்தாளர் ஜோகா அல்ஹார்த்தியின் நாவல் 2019இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றபோது, 50,000 பவுண்டில் சரிபாதி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மர்லின் பூத்துக்குப் போனது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். வகுப்பறையும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே போகும் தொழில் இது.

எனக்கு இருக்கும் ஒரே கவலை அவளுடைய தமிழ். டெல்லியில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஒரு நாவலை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் எழுதப்போவது அரபியில் இல்லை, தமிழில். நவீன அரபி இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் சுற்றித்தான் வருகிறது. நேராக மூலத்திலிருந்து தரக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்த இடம் உங்கள் மகளுக்குக் கிடைக்கலாம். அரபி நாவல்களில் கதைசொல்லல் எழுத்து மொழியிலும், உரையாடல் பல சமயம் எகிப்து, லெபனான் பேச்சு வழக்கிலும் வரும். வட்டார வழக்குக் கதைகளை நிறையப் படித்த கைதான் அந்த வித்தியாசத்தைத் தமிழில் கொண்டுவரும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஆர்.கே.புரத்தில்தானே இருக்கிறீர்கள், அங்கேயே உள்ள டெல்லித் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அவளை அனுப்புங்கள். கி.ராஜநாராயணனில் ஆரம்பிக்கட்டும். சியூஇடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலில் அரபியை முதலிலும், அவளுக்குப் பிடித்த வேறொரு பாடத்தை அடுத்தும் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள் அம்மா, நேரில் பேச ஆசையாக இருக்கிறது.