மாடலில் தெரிகிற மூளை சிடி படத்தில் ஏன் பிடிபடுவதில்லை?

கேள்வி: பிசியோதெரபி முதலாம் ஆண்டு படிக்கிறேன். மூளையின் உடற்கூற்றியலைப் படிக்கக் கைபேசியில் இரண்டு முப்பரிமாணச் செயலிகளை வைத்திருக்கிறேன். அவற்றில் எந்தப் பகுதியைக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவேன். ஆனால் மேசையில் வைத்த மாதிரியைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் வெட்டிய மூளையை வைத்தாலோ, வகுப்பில் சிடி, எம்ஆர்ஐ படங்களைக் காட்டினாலோ ஒன்றும் பிடிபடுவதில்லை. இணையத்தில் எந்த அட்லஸை (மூளைப் படத்தொகுப்பை) வைத்து, எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை. செயலிகளிலும் பெரிய பிழை இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் பழகியது ஒன்று, தேர்வில் கேட்கப்படுவது வேறொன்று. செயலியில் ஓர் உறுப்பை அதன் வெளிவடிவத்தையும், அதைவிட அதிகமாக அதற்குத் தரப்பட்ட நிறத்தையும் வைத்து அடையாளம் காண்கிறீர்கள். பார்மலினில் கிடந்த மூளையிலோ எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். அங்கே உங்கள் முன் இருப்பது வடிவத்தின் ஒரு வெட்டுமுகம் மட்டுமே. எனவே முதல் வேலையாக, செயலியில் வசதி இருந்தால் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி பெயர் சொல்லிப் பாருங்கள். தெரியும் என்று நினைத்தவற்றில் எத்தனை நிறத்தினால் மட்டும் தெரிந்தவை என்பது அப்போதே விளங்கிவிடும்.

அடுத்து, மாடலையும் வெட்டுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்பும் பழக்கம் வர வேண்டும். இதற்கு மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் நியூக்ளியஸ் என்னும் சாம்பல் பொருள் திரளைவிட நல்ல தொடக்கம் இல்லை. முன்புறம் பருத்த தலையும், மெலிந்து பின்னோக்கிச் செல்லும் உடலும், கீழே வளைந்து டெம்போரல் மடலுக்குள் முன்னோக்கித் திரும்பும் வாலுமாக அது பக்க வென்ட்ரிக்கிள் என்னும் நீர் நிறைந்த அறையின் வளைவை ஒட்டியே ஓடுகிறது. உடைந்த வளையல் துண்டு ஒன்றைக் களிமண் உருண்டைக்குள் புதைத்து, உருண்டையைக் கத்தியால் வெட்டினால் வெட்டுமுகத்தில் வளையல் இரண்டு இடங்களில் தலைகாட்டும். காடேட்டும் அப்படித்தான்: படுக்கைவாட்டில் வெட்டிய ஆக்சியல் படத்தில் தலை முன்னாலும் வால் பின்னாலும், தொடர்பே இல்லாத இரண்டு பொருள்கள் போலத் தெரியும். நடுப்பகுதியில் முகத்துக்கு இணையாக வெட்டிய கொரோனல் படத்தில் உடல் மேலேயும், வால் கீழே வென்ட்ரிக்கிளின் கீழ்க்கொம்பான இன்ஃபீரியர் ஹார்ன் கூரையிலும் கிடக்கும். மாடலைச் சுற்றிப் பார்த்து, "இந்த உயரத்தில் வெட்டினால் எங்கெல்லாம் தெரியும்?" என்று முதலில் ஊகித்துவிட்டு, அதன் பிறகே வெட்டுப்படத்தைத் திறந்து சரிபாருங்கள். ஊகிக்காமல் வெறுமனே சுழற்றிக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு, கையில் நிற்காது. ஹிப்போகேம்பஸ், ஃபோர்னிக்ஸ் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். அவையும் வளைந்தவையே.

பிசியோதெரபி மாணவிக்கு ஆக்சியல் வெட்டுகளில் மிக முக்கியமானது, பேசல் கேங்க்லியாவும் தலாமஸும் சேர்ந்து தெரிகிற மட்டம். முதல் இரண்டு வாரங்களை அந்த ஒரே மட்டத்துக்குக் கொடுத்தாலும் வீணில்லை. முன்னால் இரண்டு பக்கமும் வென்ட்ரிக்கிளின் முன்கொம்புகள். அவற்றின் வெளிச்சுவரை உள்ளே தள்ளிக்கொண்டு நிற்பது காடேட் தலை. (ஹன்டிங்டன் நோயில் இந்தத் தலை சுருங்கிப்போவதால் சுவர் புடைப்பை இழந்து தட்டையாகிவிடுகிறது.) நடுக்கோட்டில் மூன்றாம் வென்ட்ரிக்கிள் என்னும் மெல்லிய பிளவு; அதன் இருபுறமும் தலாமஸ்கள். இவற்றுக்கு வெளியே, வில்லை வடிவில், லெண்டிஃபார்ம் நியூக்ளியஸ். அதன் வெளிப்பகுதி புடாமென், உட்பகுதி குளோபஸ் பாலிடஸ். பக்கவாட்டுப் பிளவுக்குள் மறைந்திருக்கும் புறணிப் பகுதியான இன்சுலாவில் விரலை வைத்து உள்நோக்கி நகர்த்தினால் எக்ஸ்ட்ரீம் கேப்சூல், கிளாஸ்ட்ரம், எக்ஸ்டர்னல் கேப்சூல், புடாமென், குளோபஸ் பாலிடஸ், இன்டர்னல் கேப்சூல், தலாமஸ், மூன்றாம் வென்ட்ரிக்கிள் என்ற வரிசை மாறாமல் வரும். இந்த வரிசையைத் திரையைப் பார்க்காமல் சொல்ல வர வேண்டும்.

இன்டர்னல் கேப்சூல் என்பது தனி உறுப்பு அன்று. மேற்சொன்ன உட்கருக்களுக்கு இடையே நரம்பிழைகள் நெருங்கிச் செல்லும் வெண்பொருள் பாதை. ஆக்சியல் படத்தில் அது உள்நோக்கி முனை நீட்டிய வி வடிவில் கிடக்கிறது. முன்கிளை காடேட் தலைக்கும் லெண்டிஃபார்முக்கும் நடுவே; பின்கிளை தலாமஸுக்கும் லெண்டிஃபார்முக்கும் நடுவே; முனைதான் ஜெனு. கை கால்களை இயக்கும் கார்டிகோஸ்பைனல் இழைகள் பின்கிளை வழியே இறங்குகின்றன. பெருமூளைப் புறணியில் பரந்து விரிந்திருக்கும் இந்த இழைகள் இங்கே ஒரு சிறிய இடத்துக்குள் குவிந்துவிடுவதால், மிடில் செரிப்ரல் தமனியின் நுண்கிளைகளில் ஒன்று அடைபட்டு ஏற்படும் மிகச் சிறிய சேதம்கூட எதிர்ப்பக்கத்து முகம், கை, கால் மூன்றையும் ஒருசேர முடக்கிவிட முடியும். நாளை நீங்கள் நடக்கப் பழக்கப்போகும் பக்கவாத நோயாளிகளில் பலருடைய கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய வரைபடங்கள் சில இந்த இழைகளை ஜெனுவை ஒட்டியே காட்டும். கீழே இறங்க இறங்க அவை பின்கிளையின் பிற்பாதிக்கு நகர்ந்துவிடுகின்றன என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு அட்லஸ்கள் இதில் முரண்பட்டால் குழம்ப வேண்டாம்.

அட்லஸ் படமும் மருத்துவமனைப் படமும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது இடம்-வலம். கதிரியல் மரபில் படத்தின் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம், அதாவது நோயாளியின் காலடியில் நின்று அவரைப் பார்ப்பதுபோல். நரம்பியல் ஆய்வு மென்பொருள்களிலும் சில அட்லஸ்களிலும் இது நேர்மாறாக இருக்கும். படத்தின் ஓரத்திலுள்ள ஆர், எல் எழுத்துகளைப் பார்க்காமல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். இரண்டாவது, வெட்டின் சாய்வு. பல எம்ஆர்ஐ அட்லஸ்கள் முன், பின் கமிஷர்களை (மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் இழைக்கட்டுகளை) இணைக்கும் கோட்டுக்கு இணையாக வெட்டப்பட்டவை. தலை சிடி பெரும்பாலும் கண்குழியையும் காதையும் இணைக்கும் கோட்டை ஒட்டி எடுக்கப்படுவதால் அதன் சாய்வு வேறு. ஆகவே முன்பக்கம் ஒத்துப்போகும் இரண்டு படங்கள் பின்பக்கத்தில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மூன்றாவது, படத்தின் வகையும் சாயமும். டி1 என்னும் எம்ஆர்ஐ வகையில் வெண்பொருள் வெளிறித் தெரியும், மூளைத்தண்டுவட நீர் கறுத்திருக்கும். டி2வில் நீர் பளிச்சென்று வெண்மையாக இருக்கும், வெண்பொருள் சாம்பல் பொருளைவிடக் கறுத்திருக்கும். சிடியிலும் வெண்பொருளே சற்றுக் கறுப்பு. மையலின் சாயமிட்ட வெட்டுகளில் வெண்பொருள் அடர்ந்த கறுப்பாகவே நிற்கும். படம் எந்த வகை என்பதை முடிவு செய்யாமல் உள்ளே நுழைவதுதான் மாணவர்கள் தடுமாறும் முதல் இடம்.

நான்காவது காரணம் திசைப்பெயர்கள். நிமிர்ந்து நடக்கும் மனிதனில் மூளையின் அச்சு நடுமூளையை ஒட்டி ஏறத்தாழ செங்கோணமாக மடங்குகிறது. அதனால் டார்சல் என்றால் பெருமூளையில் உச்சந்தலைப் பக்கம், மூளைத்தண்டில் முதுகுப் பக்கம். தண்டின் வெட்டுப்படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: உடற்கூற்றியல் நூல்களில் டார்சல் பக்கத்தை மேலே வைத்து அச்சிடுவார்கள், எம்ஆர்ஐயில் அதே பக்கம் கீழே வரும். நடுமூளையை இரண்டு விதத்திலும் ஒருமுறை தாளில் வரைந்து, சூப்பீரியர் காலிகுலஸ், அக்விடக்ட், ரெட் நியூக்ளியஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா, கிரஸ் செரிப்ரி ஆகியவற்றை இரண்டிலும் குறித்துவிட்டால் பிறகு தொல்லை இருக்காது.

இனி எதைத் திறப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பரிமாணத்துக்கு, அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் நடத்தும் பிரெயின்ஃபேக்ட்ஸ் தளத்தில் உள்ள மாடல் போதும். இலவசம், உங்கள் பாடத்திட்டத்துக்கு மிகாத அளவு. வெட்டுப்படங்களுக்கு ஹார்வர்டின் ஹோல் பிரெயின் அட்லஸ். 1990களின் தோற்றம் இன்னும் மாறவில்லை. ஆனால் இயல்பான மூளையையும் பக்கவாதம், கட்டி, அல்சைமர் போன்ற நோய்களில் உள்ள மூளையையும் மட்டம் மட்டமாக நகர்த்திப் பார்க்க வைப்பதில் அந்தத் தளம் இன்றும் சளைத்ததில்லை. உண்மையான மூளையைக் கையில் எடுத்து விளக்கும் காணொளிகளுக்கு யூட்டா பல்கலைக்கழகத்தின் நரம்பு உடற்கூற்றியல் தொடரைப் பாருங்கள். ஸ்பாட்டர் மேசைக்கு மிக அருகில் நிற்பது அதுதான், ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரத்தில் செயலியை மூடிவிட்டு அதையே பாருங்கள் என்பேன். மடிக்கணினி இருந்தால் 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதனுடன் கிடைக்கும் மாதிரி எம்ஆர்ஐ தரவை மூன்று திசைகளிலும் நீங்களே வெட்டிப் பார்க்கலாம். மருத்துவமனையில் கிடைத்த நோயாளியின் படத்தை இதற்காக எந்த இணையத் தளத்திலும் ஏற்றிவிடாதீர்கள்.

எந்த அட்லஸைத் திறந்தாலும் அது யாருடைய மூளை என்று பாருங்கள். ஆலன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட மனித மூளை அட்லஸ் 34 வயதுப் பெண் ஒருவருடையது. அதில் 862 அமைப்புகளுக்குப் பெயர் குறித்திருக்கிறார்கள். முதலாண்டில் உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 2013இல் வெளிவந்த பிக்பிரெயின், 65 வயதில் இறந்த ஒருவரின் மூளையை 20 மைக்ரோமீட்டர் தடிமனில் 7,404 துண்டுகளாக்கி மீண்டும் கணினியில் அடுக்கிய படைப்பு. இரண்டும் வியப்பானவை. ஆனாலும் இவை ஒவ்வொன்றும் ஒரு மூளைதான். இரண்டு தலாமஸ்களை இணைக்கும் இன்டர்தலாமிக் அட்ஹீஷன் சிலருக்கு இருப்பதே இல்லை. நூல்களில் முழு வளையமாக வரையப்படும் வில்லிஸ் வட்டம் என்னும் மூளையடித் தமனி வளையம் பலருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் மெலிந்தோ விடுபட்டோ இருக்கும். மேற்பரப்பு மடிப்புகளும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அதனால் முன்மடலையும் அதன் பின்னுள்ள மடலையும் பிரிக்கும் சென்ட்ரல் சல்கஸைத் தேடும்போது "நடுவில் உள்ள பள்ளம்" என்று தேடாதீர்கள். மூளையை இடம், வலமாகப் பிரிக்கும் நடுக்கோட்டு சஜிட்டல் படத்தில் சிங்குலேட் சல்கஸின் பின்கிளை மேல்நோக்கி ஏறி விளிம்பைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். மேல்மட்ட ஆக்சியல் படத்தில், கையை இயக்கும் பகுதி பின்னோக்கிப் புடைத்து ஒமேகா எழுத்துப் போல வளைந்திருப்பதைத் தேடுங்கள். அந்தப் புடைப்பின் பின்னால் இருப்பதே சென்ட்ரல் சல்கஸ்.

பெயர்களை மறைக்கும் வசதி எந்த அட்லஸில் இருந்தாலும் அதை முதலில் பயன்படுத்துங்கள். ஒரு மட்டத்தை இருபது நிமிடம் பார்த்தால், அடுத்த இருபது நிமிடம் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெற்றுத் தாளில் அதை வரைந்து பெயரிடுங்கள். ஓவியம் கோணலாக இருந்தாலும் எது எதற்கு வெளியே என்ற உறவு சரியாக இருந்தால் போதும். மறுநாள் அதே மட்டத்தை வேறோர் அட்லஸிலோ வேறு வகை எம்ஆர்ஐயிலோ பாருங்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அந்தப் படம்தான் மனப்பாடமாகும்.

சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி அட்லஸைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 5,132 வெட்டுப்படங்களுடன் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கும் அரிய தொகுப்பு அது. ஆனால் அது கருவின் மூளை. கருக்காலத்தின் நடுப்பகுதியில் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும், நீங்கள் தேடும் மடிப்புகளில் பல அப்போது உருவாகியே இருக்காது. ஸ்பாட்டருக்கு இப்போது அதை எடுக்க வேண்டாம். கருவியலில் மூளை வளர்ச்சிப் பாடம் வரும்போது திறந்து பாருங்கள்.