சின்னவளுக்கு என் பாராட்டு

கேள்வி: மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லீவு விடும் முன்பே ‘9 மணிக்கு வரைதல், 10 மணிக்குக் கதை’ என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் சின்னவள் அதைக் கிழித்துக் கப்பல் செய்துவிட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “அம்மா, போரடிக்குது!” புதுப் பொம்மை வாங்கினால் அரை நாள் தாங்குகிறது. என்னதான் செய்வது?

பதில்: சின்னவளுக்கு என் பாராட்டு. அந்தத் தாளுக்கு அவள் கண்டுபிடித்த உபயோகம்தான் சரி. 26 வருடம் மழலையர் வகுப்பில் இருந்தவள் நான். பள்ளியிலேயே அட்டவணைப்படி முழுதாக நடந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“போரடிக்குது” என்றதும் எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் அடுத்த முறையும் உங்களிடம்தான் வருவார்கள். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் சிணுங்கல், நச்சரிப்பு, காலைக் கட்டிக்கொள்வது எல்லாம் இருக்கும். பிறகு ஏதோ ஒரு மூலையில் சத்தம் அடங்கும். அப்போது எட்டிப் பார்த்து “என்ன பண்றே கண்ணு?” என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டுக் கேட்டு எத்தனையோ நல்ல விளையாட்டைக் கெடுத்தவள் நான்.

இது பலிக்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வேலைக்கு உட்காரும் முன் 20 நிமிடம், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தரையில் அவர்களோடு உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவர்களே சொல்லட்டும்.

பொம்மையில் பாதிக்கு மேல் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றுங்கள். பத்து நாள் கழித்து அதை இறக்கி, கீழே இருப்பதை ஏற்றுங்கள். பரணிலிருந்து இறங்கும் பழசுக்கு இருக்கிற மவுசு, கடையிலிருந்து வரும் புதுசுக்குக்கூட இருக்காது.

அதைவிட ஒரு பெரிய அட்டைப்பெட்டி மேல். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்த பெட்டி ஐந்து நாள் ஓடியது. முதல் நாள் வீடு. மறுநாள் பஸ், காகிதம் கிழித்து எனக்கும் டிக்கெட் கொடுத்தாள் பேத்தி. அடுத்து ஆஸ்பத்திரி, எனக்கு இரண்டு ஊசி. கதவு வெட்டிக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. அதோடு விடாமல் ஜன்னலும் வெட்டப்போய், “ஐயோ பாட்டி, இது குகை!” என்று திட்டு வாங்கினேன்.

7 வயதுக்காரனுக்கு விளையாட்டில் விதி வேண்டும். 4 வயதுக்காரிக்கு விதி என்றாலே ஆகாது. இருவரையும் பகடை உருட்ட உட்கார வைத்தால் அழுகையில்தான் முடியும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொன்று செய்தாலும் அது விளையாட்டுதான். சிறு பிள்ளைகளைக் கவனித்து எழுதிய மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், 1932லேயே இதையும் ஒரு வகை விளையாட்டாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று: நிழல். வெயில் உள்ள நாளில் காலையில் ஒருவர் நிற்க, மற்றவர் அந்த நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடட்டும். பாதம் வைத்த இடத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். நடுப்பகலிலும் மாலையிலும் அதே இடத்தில் மறுபடி நிற்கட்டும். சூரியன் மேலே ஏற ஏற நிழல் ஏன் குட்டையாகிறது என்று பெரியவன் அளந்து பார்ப்பான். தன் நிழலை யாரோ திருடிவிட்டதாகச் சின்னவள் புகார் கொடுப்பாள்.

வாளித் தண்ணீரும் நாலு கிண்ணமும் நல்ல விளையாட்டுதான். ஆனால் நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும். சின்னக் குழந்தை மூழ்கச் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: 3 வயது மகன் செல்போனில் கார்ட்டூன் பார்க்கிறான். பிடுங்கினால் வீடே அதிர்கிறது. எவ்வளவு நேரம் விடலாம்?

பதில்: உலக சுகாதார அமைப்பு 2019ல் சொன்னது: 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அதே அறிக்கையில் ஓடியாட 3 மணி நேரம் கேட்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. பாதிக் கதையில் பிடுங்கினால் நீங்களும்தான் கத்துவீர்கள். “இந்தக் கதை முடிந்ததும் அணைக்கணும்” என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: பகலெல்லாம் 5 வயதுப் பேரன் என் பொறுப்பு. மூட்டு வலி, ஓட முடியாது. தாத்தாவால் என்ன ஆகும்?

பதில்: ஐயா, படுத்தபடியே விளையாடலாம். நீங்கள் நோயாளி, அவன் டாக்டர். நீங்கள் மலை, அவன் கார் ஏறி இறங்கட்டும். சாப்பிட்ட பிறகு அவன் அப்பா சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்லுங்கள். ஒரே கதையைப் பத்து தடவை கேட்பான். எதையெதைச் சொல்லலாம் என்று மட்டும் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.