கேள்வி-பதில்: அகலக்கோண லென்ஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி என்னும் சிறிய வகைச் சென்சார் கொண்ட டிஜிட்டல் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் உள்ளன. சிறிய அறைகளின் உட்புறத்தையும், பயணங்களில் இயற்கைக் காட்சிகளையும் எடுக்கும்போது 18 மி.மீ. போதவில்லை. 10 மி.மீ.யில் தொடங்கும் சாதாரண ஜூம் லென்ஸை வாங்குவதா, 16-35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை வாங்குவதா? இரண்டாவதுதான் உயர்தரமானது என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: உங்கள் தேவைக்கு 10 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸே பொருத்தம். (மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம்; அது குறையக் குறையப் படத்தில் பிடிபடும் அகலம் கூடும்.) கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை; 16-35 மி.மீ. எஃப்/2.8 வகை லென்ஸ்கள் தரத்தில் உயர்ந்தவைதான். ஆனால் அவை 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட ஃபுல் ஃப்ரேம் சென்சாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்தச் சென்சாரில் 16 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 97 டிகிரி அகலத்தைப் பிடிக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 24 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு என்பதால், அதே லென்ஸ் அங்கே சுமார் 73 டிகிரியோடு நின்றுவிடும். உங்கள் கிட் லென்ஸின் 18 மி.மீ. ஏற்கெனவே 66 டிகிரியைத் தருகிறது. ஆக, பெரும் பணம் கொடுத்து நீங்கள் கூடுதலாகப் பெறுவது ஏழு டிகிரி மட்டுமே. 10 மி.மீ. லென்ஸோ உங்கள் கேமராவில் 99 டிகிரியைத் தரும். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சார் மற்றவற்றைவிட இன்னும் சற்றுச் சிறியது என்பதால் அதில் இந்த எண்கள் இரண்டு மூன்று டிகிரி குறையும், முடிவு மாறாது.

அகலக்கோண லென்ஸ்களில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தனி மதிப்பு உண்டு. 200 மி.மீ.க்கும் 202 மி.மீ.க்கும் உள்ள வேறுபாட்டை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 10 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடையே உங்கள் கேமராவில் 10 டிகிரி வேறுபாடு இருக்கிறது. எனவே 10-18, 11-20, 12-24 என்று பல லென்ஸ்கள் எதிரே இருக்கும்போது முதல் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் எண் 18 ஆனாலும் 24 ஆனாலும் அந்தப் பகுதியைக் கிட் லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

எஃப்/2.8 தேவையா என்பது அடுத்த கேள்வி. இது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. அறையின் உட்புறத்தைக் கேமராவை முக்காலியில் வைத்து எடுப்பவருக்கும், இயற்கைக் காட்சியை எஃப்/8 அளவில் எடுப்பவருக்கும் பெரிய துளையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. இரவு வானத்தின் விண்மீன்களையோ, மங்கிய வெளிச்சத்தில் நடமாடும் மனிதர்களையோ எடுப்பவர் என்றால் மட்டும் எஃப்/2.8 லென்ஸுக்குப் பணத்தையும் எடையையும் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. அப்படியானால் ஏபிஎஸ்-சி சென்சாருக்கென்றே செய்யப்பட்ட 11-20 மி.மீ. எஃப்/2.8 போன்றவற்றைப் பாருங்கள். முக்காலியைத் தூக்கிச் செல்லும் பழக்கம் இல்லாதவர்கள், அசைவைச் சமன்செய்யும் வசதி லென்ஸிலோ கேமராவிலோ இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

நீங்கள் இரண்டு தேவைகளைச் சொல்கிறீர்கள். இரண்டிலும் லென்ஸின் வேலை ஒன்றல்ல. அறைக்குள் பின்னால் நகர இடமில்லை என்பதால் அகலம் தேவைப்படுகிறது. அதை 10 மி.மீ. தீர்த்துவிடும். கேமராவைச் சற்றே மேலே தூக்கினாலும் கீழே சாய்த்தாலும் சுவர்களின் செங்குத்துக் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஆகவே நெஞ்சு உயரத்தில் கேமராவை மட்டமாக வைத்து எடுங்கள். அறை உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ படம் எடுப்பவர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம். படத்தை நம்பி வீடு பார்க்க வருபவர்களுக்கு அல்ல.

இயற்கைக் காட்சியில்தான் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடக்கலாம் என்று எண்ணி 10 மி.மீ.யில் எடுத்துப் பார்த்தால், நேரில் வானளாவ நின்ற மலை தொடுவானத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கி, படத்தின் பெரும்பகுதியை வெற்று வானமும் வெற்று நிலமும் நிரப்பியிருக்கும். தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கி அருகில் உள்ளதைப் பெரிதாக்குவதே இந்த லென்ஸின் இயல்பு. எனவே அருகில் ஏதாவது இருக்க வேண்டும்: ஈரப் பாறை, வெடித்த சேற்றுப் படலம், ஓடையில் சுழித்துப் போகும் நுரை. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அந்தப் பொருளிலிருந்து அரை மீட்டருக்குள் நெருங்க வேண்டும். 10 மி.மீ., எஃப்/8 என்று வைத்துச் சுமார் 65 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 35 செ.மீ. தொடங்கி எல்லையற்ற தூரம் வரை எல்லாம் தெளிவாகவே பதியும். அப்படி நெருங்கிப் படம் எடுக்கும் விருப்பம் உங்களுக்கு இல்லையென்றால், மலைக்காக இந்த லென்ஸை வாங்காதீர்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 18 மி.மீ.யிலேயே இடமிருந்து வலமாக, ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியும்படி நான்கைந்து படங்களை எடுத்து, மென்பொருளில் ஒட்டிக்கொள்வது செலவில்லாத வழி.

கேள்வி: அகலக்கோண லென்ஸில் குழுப் படம் எடுத்தால் ஓரங்களில் நிற்பவர்கள் பருத்தும் சாய்ந்தும் தெரிகிறார்கள். இது லென்ஸின் குறைபாடா? விலை கூடிய லென்ஸில் இது இருக்காதா?

பதில்: குறைபாடு அல்ல; எவ்வளவு விலை கொடுத்தாலும் இது போகாது. கண்ணெதிரே விரியும் அகலமான காட்சியைத் தட்டையான பரப்பில், நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்கும்படி பதிய வைத்தால், ஓரத்துக்குச் செல்லச் செல்ல எல்லாம் வெளிப்பக்கமாக நீண்டே ஆக வேண்டும். 10 மி.மீ.யில் எடுத்த ஏபிஎஸ்-சி படத்தின் இட வல ஓரங்களில் ஒரு தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாக நீளும், 18 மி.மீ.யில் அதன் அகலம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஆகவே குழுப் படத்துக்கு முடிந்தவரை பின்னால் சென்று, 18 முதல் 23 மி.மீ. வரையான பகுதியைப் பயன்படுத்துங்கள். பின்னால் செல்லவே வழியில்லை என்றால் இரண்டு வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் இடம் விட்டு எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிவிடுங்கள்.

நேரான கதவுச் சட்டம் பீப்பாயின் பக்கம்போல வளைந்து தெரிந்தால், அது வேறு சங்கதி. அது லென்ஸின் கோணல். அதைக் கேமராவோ மென்பொருளோ திருத்திவிடும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்கான (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாதவை) லென்ஸ்கள் பலவும் இந்தத் திருத்தத்தை எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகின்றன. திருத்தும்போது மூலைகளின் கூர்மை கொஞ்சம் குறையும் என்பதே அதற்கான விலை.

கேள்வி: கிட் லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும் மலிவான வைட் கன்வெர்ட்டர் போதாதா?

பதில்: போதாது. நடுப்பகுதி ஓரளவு தேறும்; ஓரங்கள் கலங்கி, நிறப் பிசிறுகளோடு வரும். அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி கொண்ட கேமரா) காலத்து அகலக்கோண லென்ஸ் ஒன்று பயன்படுத்திய நிலையில் குறைந்த விலைக்கு வருகிறது. அதை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாமா? வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பயன்படுத்தலாம். மவுண்டிலிருந்து, அதாவது கேமராவில் லென்ஸ் பூட்டப்படும் வளையத்திலிருந்து, சென்சார் வரையான தூரம் டிஎஸ்எல்ஆரில் கேனான் ஈஎஃப் மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; மிரர்லெஸ்ஸில் கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., சோனி ஈ 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. இந்த இடைவெளியில்தான் அடாப்டர் உட்காருகிறது. மிரர்லெஸ் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் போட முடியாததற்கும் இதுவே காரணம். ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப் லென்ஸ்களை, நிக்கானின் சொந்த எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். அடாப்டரின் விலை, நீளம், எடை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே இது உண்மையில் மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

சோதனையை நேரில், உங்கள் கேமராவைக் கொண்டே செய்யுங்கள். லென்ஸுக்குள் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், பூஞ்சை இருக்குமானால் சிலந்தி வலை இழைகள்போலத் தெரியும். அந்த லென்ஸை அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தூசித் துகள்களைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அகலக்கோண லென்ஸைச் சிறிய துளையில் வைத்து வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போது, தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் தெரியாமல் மறையும் கீறல்கூட ஒளிப்பிசிறாகப் படத்தில் வரும். முன்கண்ணாடி குமிழ்போலப் புடைத்திருந்தால் சாதாரணத் திருகு ஃபில்டர் பொருந்தாது; ஃபில்டர் பயன்படுத்துபவர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைசியாக, செங்கல் சுவர் ஒன்றின் எதிரே கேமராவை மட்டமாகவும் நேராகவும் முக்காலியில் நிறுத்தி, மிகக் குறைந்த மி.மீ.யில், துளையை முழுதாகத் திறந்து ஒரு படமும் எஃப்/8 அளவில் ஒரு படமும் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் அது அந்த வகை லென்ஸின் இயல்பு. எஃப்/8 படத்தில் தெளிந்திருந்தால் வாங்கலாம். மூன்று மூலைகள் தெளிவாக இருந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், கேமரா சாய்ந்திருந்ததா என்று மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மீண்டும் அதே மூலை கலங்கினால், உள்ளிருக்கும் கண்ணாடிகளில் ஏதோ ஒன்று இடம் பிசகியிருக்கிறது என்று பொருள்; அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் விலையில் மிச்சம் பிடித்த தொகையைவிடக் கூடுதலாகவே வரும்.