சேஞ்ச் இருக்கா?

கேள்வி: பிரெக்சிட் வேண்டாம், ஐரோப்பாவோடு சேர்ந்தே இருப்போம் என்று சொல்லிக்கொண்டு 2019-இல் பிரிட்டனில் 'சேஞ்ச் யுகே' என்று ஒரு கட்சி வந்ததே, அது என்ன ஆயிற்று? நம் பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லையே, ஏன்?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: சேஞ்ச் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். தினமும் நான் ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இல்லை என்றால் டிக்கெட்டின் பின்பக்கம் 3 என்று எழுதி, வட்டம் போட்டு, "இறங்கும்போது வாங்கிக்கோங்க சார்" என்பார். இறங்கும்போது அவர் முன் படிக்கட்டில் இருப்பார், நான் பின் படிக்கட்டில். விசில் ஊதிவிடும். அப்படி வட்டம் போட்ட டிக்கெட்டுகள் என் மேஜை டிராயரில் ஒரு கட்டு கிடக்கின்றன. எல்லாவற்றையும் வசூலித்தால் இடைத்தேர்தலுக்கு டெபாசிட் கட்டலாம்.

அந்த லண்டன்காரர்களும் வாக்காளர்களிடம் இதையேதான் கேட்டார்கள். கிடைத்ததும் சில்லறைதான்.

2019 பிப்ரவரி 18 அன்று தொழிற்கட்சி எம்.பி.க்கள் 7 பேர் வெளியே வந்தார்கள். மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து 3 பெண் எம்.பி.க்கள். ஆக 11 பேர். கிரிக்கெட் டீம் ஆயிற்று, கேப்டன்தான் யார் என்று தெரியவில்லை. நண்டோஸ் கடையில் கோழி சாப்பிட்டுப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்தக் கட்சியைப் பற்றி இன்று கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் கோழிதான்.

பெயருக்கு வருகிறேன். முதலில் 'இண்டிபெண்டன்ட் குரூப்'. பிறகு, மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்காகப் பதிவு செய்தபோது, 'சேஞ்ச் யுகே'. சேஞ்ச்.ஆர்க் என்ற இணையதளம், அது எங்கள் பெயராயிற்றே என்று முறைத்தது. ஊரார் மனுவையெல்லாம் வாங்கி வைக்கும் தளமே மனுதாரராக வந்து நின்றது! ஜூனில் 'இண்டிபெண்டன்ட் குரூப் ஃபார் சேஞ்ச்' ஆனார்கள். பத்து மாதத்தில் மூன்று பெயர். எங்கள் தெருவில் ஒரு டீக்கடைக்காரர் நியூமராலஜி பார்த்து போர்டை மாற்றினார், அவர்கூட ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. இவர்களுடைய பிரதான கோரிக்கை என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதுபோலவே இருப்போம், எதையும் மாற்றாதீர்கள் என்பது. அதற்கு வைத்த பெயர் மாற்றம். "வீட்டை விட்டுப் போகாதே" என்று சொல்ல வந்தவன் 'கிளம்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? எதிரில் நின்ற நைஜல் ஃபராஜைப் பாருங்கள். கட்சிக்குப் பெயரே பிரெக்சிட் பார்ட்டி. போர்டைப் படித்தால் தேர்தல் அறிக்கையைப் படித்த மாதிரி. பிரிட்டனின் 73 இடங்களில் 29 அவருக்கு. வேலை முடிந்த பிறகுதான், 2021-இல், 'ரிஃபார்ம் யுகே' என்று பெயரை மாற்றினார்.

சின்னம் இதைவிடக் கூத்து. தேர்தல் ஆணையத்திடம் இவர்கள் கொடுத்த சின்னத்தில் ஒரு ஹேஷ்டேகும், டிஐஜி (TIG, அதாவது 'தி இண்டிபெண்டன்ட் குரூப்') என்ற மூன்றெழுத்தும் இருந்தன. அந்த மூன்றெழுத்தை யாருக்குத் தெரியும் என்று ஆணையம் திருப்பி அனுப்பிவிட்டது. வாக்குச்சீட்டில் மற்ற கட்சிகளுக்கெல்லாம் படம், இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வெற்றிடம். ஹேஷ்டேக் போட்டால் இதுதான் கதி என்று நம் லேஅவுட் தம்பியிடம் நாலு வருஷமாகச் சொல்கிறேன். போன இதழ் அட்டையிலும் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், மூன்று.

ரிசல்ட் சொல்லவில்லையே. 3.3 சதவீதம், ஏறக்குறைய 5.7 லட்சம் ஓட்டு, இடம் ஒன்றுகூட இல்லை. ஐரோப்பா வேண்டும் என்றவர்களுக்கு வேறு கடைகள் இருந்தன. லிபரல் டெமாக்ராட்களுக்கு 16, பசுமைக் கட்சிக்கு 7. போரிஸ் ஜான்சனின் தங்கை ரேச்சல் இவர்கள் பட்டியலில் நின்றார். மூழ்கும் கப்பலில் தாவி ஏறிய எலி என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டார். எலிக்குத் தெரிந்தது கப்பலுக்குத் தெரியவில்லை. ஜூன் 4 அன்று 11 பேரில் 6 பேர் இறங்கிவிட்டார்கள்.

இங்கே நான் 1981-ஐ இழுப்பேன், "மறுபடியுமா?" என்று கோயமுத்தூரிலிருந்து கார்டு வரும். வரட்டும். அந்த வருஷமும் தொழிற்கட்சியிலிருந்து ஐரோப்பா பிரியர்கள் நால்வர் பிரிந்துபோய் எஸ்டிபி என்ற கட்சியை நடத்தினார்கள். 1983-இல் லிபரல்களோடு கூட்டணி, 25 சதவீத ஓட்டு, கூட்டணிக்குக் கிடைத்தது 23 இடம். பிறகு பெரும்பாலோர் லிபரல்களோடு இணைந்துவிட, அந்த நால்வரில் ஒருவரான டேவிட் ஓவன் மட்டும் பழைய போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு 155 ஓட்டு. 'மான்ஸ்டர் ரேவிங் லூனி' என்று தமாஷுக்கு ஒரு கட்சி உண்டு, அதற்கு 418. அடுத்த மாதமே ஓவன் கடையைச் சாத்தினார். தமாஷ் கட்சி இன்றும் இருக்கிறது.

சேஞ்ச் கதைக்கு வருவோம். டிசம்பர் பொதுத்தேர்தலில் மூவர் மட்டும் நின்றார்கள். அப்போதைய தலைவர் அன்னா சூப்ரிக்கு 4,668, மைக் கேப்ஸுக்கு 3,891, கிறிஸ் லெஸ்லிக்கு 1,447. மொத்தம் 10,006. கேப்ஸைத்தான் நினைக்க நினைக்கப் பாவமாக இருக்கிறது. 1992 முதல் இல்ஃபோர்ட் சவுத் எம்.பி. 2017-இல் அங்கே நாலு ஓட்டில் மூன்று அவருக்கு. அதே மனிதர், அதே தெரு, அதே வாசற்படி, சட்டையில் மாட்டிய தொழிற்கட்சி ரோஜா மட்டும் இல்லை. கிடைத்தது 7 சதவீதம். கட்சி மாறிப் போனவர்கள், சுயேச்சையாக நின்றவர் உட்பட அந்த 11 பேரில் ஒருவர்கூட திரும்ப நாடாளுமன்றம் போகவில்லை. டிசம்பர் 19 அன்று கட்சியைக் கலைப்பதாக சூப்ரி அறிவித்தார்.

நாம் கண்டுகொள்ளவில்லை என்கிறீர்கள். எழுதினோம் ஐயா. மார்ச் இதழில் ஒரு பத்தி. அது அச்சாகி வருவதற்குள் பெயர் மாறிவிட்டது. ஜூன் இதழில் திருத்தம் போட்டோம். அது வருவதற்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். மன்னார்குடியில் அந்த இரண்டு இதழும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள். கேட்கும்போது, அவர் எங்களுக்குத் தர வேண்டிய சில்லறை பாக்கியையும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்கள்.